உப்பிய சிப்ஸ் பாக்கெட் சொல்லும் சேதி: உயரமான மலைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலைப்பாதையில் வண்டி ஏற ஏற, பைக்குள் கிடக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக்கொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பிரித்துத் தின்றுவிட்டு மறந்துவிடுவோம். ஆனால் உயரமான மலையில் ஆளைக் கொல்வது எது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பாக்கெட்டுக்குள் இருப்பது கீழே அடைத்த காற்று, அது அப்படியேதான் இருக்கிறது. வெளியிலிருந்து அழுத்தும் காற்றுதான் குறைந்துவிட்டது. அந்தக் குறைவு உங்கள் நுரையீரலையும் விடாது.

மேலே ஆக்சிஜன் சதவீதம் குறைவு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, எங்கே போனாலும் காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன்தான். காற்றே மெலிந்துவிடுவதால் ஒரு மூச்சில் உள்ளே போகும் அளவு குறைகிறது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி, 8,849 மீட்டர் எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே தண்ணீர் சுமார் 71 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தேநீரை உடனே குடிக்க முடிகிறதே என்று ஆச்சரியப்படுகிற உயரத்தில், உங்கள் மூளையும் அரைகுறை ஆக்சிஜனில் ஓடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, என்ன செய்வது? மெதுவாக ஏறுவதுதான் முதல் மருந்து. பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. 3,000 மீட்டரைத் தாண்டியபின் நேற்று படுத்த இடத்துக்கும் இன்று படுக்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு நாள் உயரம் ஏறாமல் அதே இடத்தில் தங்க வேண்டும். பகலில் கொஞ்சம் மேலே போய்விட்டுக் கீழே வந்து படுப்பது நல்லது. தினமும் ஓடுகிறேன், ஜிம்முக்குப் போகிறேன் என்பதெல்லாம் இதில் கைகொடுக்காது. உடம்பு பலமாக இருப்பவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

முதல் சில நாட்களில் அடிக்கடி சிறுநீர் வந்தால் பயப்படாதீர்கள். வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, அதைச் சரிசெய்யச் சிறுநீரகம் வேலை செய்கிறது, அதாவது உடம்பு பழக ஆரம்பித்துவிட்டது. இரவு மூச்சும் அப்படித்தான். முதல்முறை உயரத்தில் கூடாரத்தில் படுத்தபோது பக்கத்தில் இருந்தவரின் மூச்சு திடீரென்று நின்றுபோனது. நான் எண்ண ஆரம்பித்தேன், எட்டு, ஒன்பது, பத்து, அப்புறம் ஒரு பெரிய இழுப்பு, நாலைந்து வேக மூச்சு, மறுபடி அமைதி. அன்று இரவு நான் தூங்கவே இல்லை. கரியமில வாயு நிறைய வெளியேறிவிடுவதால், மூச்சு விடு என்று மூளைக்கு வரும் தூண்டுதல் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறது, உயரத்தில் இது சகஜம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்துவிடாதீர்கள், இருக்கிற மூச்சையும் அது மந்தமாக்கும்.

எது சகஜம் இல்லை? தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி சேர்ந்தால் அது மலை நோயின் தொடக்கம். வேறு காரணம் தேடாதீர்கள், அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே நில்லுங்கள், குறையவில்லை என்றால் இறங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது. குடிகாரன் மாதிரித் தள்ளாடினால், பேச்சு குழறினால், மூளை வீங்குகிறது. சந்தேகம் வந்தால் தரையில் ஒரு நேர்கோடு போட்டு, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டவைத்து அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையா, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே இறக்குங்கள், 300 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை, ஆள் தேறும் வரை. தனியாக மட்டும் அனுப்பாதீர்கள். அசெட்டசோலமைடு, டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்துகளை எப்போது, எவ்வளவு எடுப்பது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஆனால் எந்த மாத்திரையும் இறங்குவதற்குப் பதிலாகாது.

நோயாளி தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார், ஏனென்றால் பாதிக்கப்பட்டிருப்பது அதைத் தீர்மானிக்க வேண்டிய மூளையேதான். அதனால் ஒருவரை ஒருவர் பாருங்கள். நேற்று வரை சட்டென்று மாட்டிய பை கொக்கியை இன்று மூன்று முறை தடவுகிறாரா, கழற்றிய கையுறையை எங்கே வைத்தேன் என்று தேடுகிறாரா, கேள்வி கேட்டால் பதில் தாமதமாக வருகிறதா?

மற்றவை சுருக்கமாக. மேகமூட்டமாக இருந்தாலும் பனியில் கருப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், புதுப் பனி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும், கண் வெந்துபோவது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. விரல் உறைந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். மறுபடி உறையாது என்று உறுதியாகத் தெரியும் இடத்துக்கு வந்தபின், 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்துச் சூடேற்றுங்கள்.

8,000 மீட்டருக்கு மேல் கதையே வேறு. அங்கே உடம்பு பழகுவது என்பதே கிடையாது, இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தேய்ந்துகொண்டுதான் போகிறது. 1978இல் ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டது உண்மைதான், அதை உங்களுக்கான அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1996 மே மாதம் எவரெஸ்டில் ஒரே புயலில் 8 பேர் இறந்தார்கள். மதியம் 2 மணி திரும்பும் நேரமாக, அதாவது உச்சியை எட்டாவிட்டாலும் இறங்கத் தொடங்க வேண்டிய நேரமாகப் பேசப்பட்டிருந்தும் பலர் அதைத் தாண்டித்தான் உச்சியை அடைந்தார்கள், இறங்கும்போது புயல் பிடித்துக்கொண்டது. ஆகவே திரும்பும் நேரத்தைக் கீழே, தலை தெளிவாக இருக்கும் முகாமிலேயே முடிவு செய்து, எழுதி, கூட வருபவரிடம் ஒன்றும் முகாமில் இருப்பவரிடம் ஒன்றுமாகக் கொடுத்துவிடுங்கள். சிலிண்டர் கணக்கு போடும்போது உச்சி வரைக்கும் போடாதீர்கள், உச்சியிலிருந்து கூடாரம் வரை இறங்கி வருவதற்கும், நடுவில் கயிற்றில் வரிசை நின்று காத்திருக்க நேர்ந்தால் அதற்கும் சேர்த்துப் போடுங்கள்.