லின் பஸ்ஸில் சென்சார் பதில் சொல்லவில்லையா? முதலில் ஒயரைப் பாருங்கள்

கரூரில் பஸ் பாடி கட்டும் இடமோ, கோவையில் கல்லூரி புராஜெக்ட் காரோ, லின் பஸ் (ஓடும் பஸ் இல்லை, வண்டிக்குள் சென்சார்களைக் கண்ட்ரோலரோடு ஒரே ஒயரில் பேச வைக்கும் இணைப்பு) போடும் தம்பிகள் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சென்சார் பதில் தரவில்லை என்றதும் லேப்டாப்பைத் திறந்து புரோகிராமை நோண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள், கோளாறோ பெரும்பாலும் ஒயரில் இருக்கிறது. ஒரே ஒயர், கேள்வி கேட்கும் ஒரு மாஸ்டர், பதில் சொல்லும் ஸ்லேவ் அதிகபட்சம் 15, வேகம் அதிகபட்சம் விநாடிக்கு 20 கிலோபிட். இவ்வளவு எளிமையாக இருப்பதாலேயே ஒயரிங்கை யாரும் மதிப்பதில்லை.

முதலில் புல்-அப், அதாவது யாரும் கீழே இழுக்காதபோது லைனைப் பேட்டரி வோல்ட்டுக்குத் தூக்கி வைக்கும் ரெசிஸ்டர். மாஸ்டர் பக்கம் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதோடு சீரீஸில் ஒரு டயோடும் பேட்டரி பிளஸ்ஸுக்குப் போக வேண்டும். ஸ்லேவுக்கான 30 கிலோ ஓம், பஸ் ஒயரில் சிக்னலை அனுப்பி வாங்கும் டிரான்சீவர் சிப்புக்குள்ளேயே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே சிப்பை வாங்கிப் போடுவதால், மாஸ்டரில் அந்த 1 கிலோ ஓமை நாம்தான் வெளியே வைக்க வேண்டும் என்பது மறந்துபோகிறது. மேசை மேல் அரை மீட்டர் ஒயரில் அப்படியும் ஓடிவிடும், அதுதான் ஆபத்து. வண்டியில் ஆறேழு மீட்டர் இழுத்ததும் கெபாசிட்டன்ஸ் 1 நானோ ஃபேரட் பக்கம் போகும், இரண்டு சிப்பின் 30 கிலோ ஓமும் பேரலலில் 15 கிலோ ஓம் ஆகும், அதோடு சேர்ந்தால் டைம் கான்ஸ்டன்ட் (சிக்னல் ஏற எடுக்கும் நேரத்தின் அளவு) 15 மைக்ரோ செகண்ட், ஆனால் 19,200 பாட் ரேட்டில் (விநாடிக்கு 19,200 பிட்) ஒரு பிட்டே 52 மைக்ரோ செகண்ட்தான். ஆசிலோஸ்கோப்பில் செங்குத்தாக ஏற வேண்டிய சிக்னல் வளைந்து வளைந்து ஏறும். இதற்கு நேரெதிராக, 1 கிலோ ஓமோடு வரும் மாட்யூல்கள் நான்கை ஒரே ஒயரில் மாட்டினால் மொத்தம் 250 ஓம் ஆகிவிடும், லைனைக் கீழே இழுக்கவே 48 மில்லி ஆம்பியர் வேண்டும். டயோடையும் மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லையென்றால் மாட்யூலின் ஃபியூஸ் போனாலும் பஸ் ஒயர் வழியாகக் கரண்ட் திரும்ப ஏறி மாட்யூல் அரைகுறை உயிரோடு கிடக்கும்.

அப்புறம் எர்த். பெயின்ட் மேலேயே லக்கை வைத்து போல்ட்டை முறுக்கினால் எர்த் ஆகாது, வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். ரிசீவர் தன் சப்ளையில் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் 0 என்றும் 60 சதவீதத்துக்கு மேலே போனால் 1 என்றும் எடுத்துக்கொள்கிறது. அந்த அளவெல்லாம் அதன் சொந்த எர்த்திலிருந்துதான், எர்த் மேலே ஏறினால் எல்லாமே நகர்ந்துவிடும். வைப்பர் ஓடும்போது மட்டும் சென்சார் காணாமல் போகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டுவிட்டு பேட்டரி மைனஸுக்கும் சென்சார் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 1 வோல்ட் பக்கம் காட்டினால் புரோகிராமைத் தொடவே வேண்டாம்.

சரி, ஒயர் சுத்தம் என்றால் புரோகிராமுக்கு வரலாம். ஒவ்வொரு ஃபிரேமையும் (ஒரு முழுச் செய்தி) ஆரம்பிக்கும் பிரேக் சிக்னல் குறைந்தது 13 பிட் நீளம் லோ-வில் இருக்க வேண்டும், சாதாரண யூஆர்ட்டில் (கண்ட்ரோலரின் சீரியல் போர்ட்) 0 அனுப்பினால் ஸ்டார்ட் பிட்டோடு 9 பிட்தான் வரும். அந்த ஒரு பைட்டுக்கு மட்டும் பாட் ரேட்டை 19,200-இலிருந்து 9,600-க்குக் குறைத்தால் 18 பிட் கிடைக்கும். செக்சம் (செய்தி பிழையில்லாமல் வந்ததா என்று பார்க்கும் கடைசி பைட்) விஷயத்தில், லின் 1.3 பதிப்புக் காலத்து ஸ்லேவ் டேட்டாவை மட்டும் கூட்டும், 2.0-இலிருந்து ஐடி பைட்டும் சேரும். ஆனால் டயக்னாஸ்டிக் ஐடி 60, 61 இரண்டுக்கும் எப்போதும் பழைய முறைதான். ஸ்கோப்பில் பதில் தெரிகிறது, புரோகிராமில் வரவில்லை என்றால் இங்கே தேடுங்கள்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு தவறு உண்டு. கரூரில் பாடி கட்டும் பெரிய பஸ்ஸும் நாமக்கல் லாரியும் 24 வோல்ட், காரிலிருந்து கழற்றிய லின் சென்சார் 12 வோல்ட். ரேடியோவுக்கு எடுப்பது போல ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுத்துக் கொடுத்தால் அந்த பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், மாஸ்டரின் புல்-அப்போ லைனை 24-க்கே இழுத்துக்கொண்டிருக்கும். நல்ல கன்வர்ட்டர் ஒன்று போட்டு, மாஸ்டருக்கும் ஸ்லேவுக்கும் புல்-அப்புக்கும் அதே 12 வோல்ட்டைக் கொடுங்கள்.