அப்பா முதுகுக்கு மிளகளவு கிரீம்

சில்வர் ஓக் மரமேறி மிளகு பறித்தே காலம் கழித்தவர் அப்பா. அவருடைய வலது தோளுக்குப் பின்னால் காப்பிப் பழம் அகலத்துக்கு ஒரு கருத்த திட்டு இருந்தது. படர்தாமரை என்று நினைத்து இரண்டு வருஷம் ஏதேதோ களிம்பு தடவினோம். சேலத்தில் தோல் மருத்துவர் துளி சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் அது மேலோட்டமான பேசல் செல் கார்சினோமா, மெதுவாக வளரும் தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. வெட்டியெடுத்துவிடலாம் என்றார். கத்தி என்றதுமே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். சரி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இமிக்விமோட் 5% கிரீம் போடுங்கள் என்று எழுதித் தந்தார். முதுகுக்கு அவர் கை எட்டாது, அதனால் தடவியது நான்.

முதலில் ஒன்று. சதைச் சோதனை முடிவு இல்லாமல் இந்தக் கிரீமைத் தொடாதீர்கள். கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, ஆழமாகப் போயிருந்தாலோ, முகத்தில் இருந்தாலோ கணக்கே வேறு. வெட்டுவதுதான் உறுதியான வழி என்பதையும் மறைக்க வேண்டாம். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், 5 ஆண்டு கழித்துப் பார்த்தபோது கிரீம் போட்டவர்களில் 82.5 சதவீதம் பேருக்கும் அறுவை செய்தவர்களில் 97.7 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பவில்லை.

தம்பி போனில் ஏதோ பெப்டைடு கிரீம் விளம்பரத்தை அனுப்பி, இதுவும் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுமாமே என்றான். பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, புரதத்தின் சிறு துண்டு மாதிரி. இமிக்விமோட் பெப்டைடு இல்லை. அது சின்ன மூலக்கூறு, எடை 240 டால்டன் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு). தோலின் மேலடுக்கு 500 டால்டனுக்கு மேற்பட்டவற்றை லேசில் உள்ளே விடாது. கட்டிக்கு எதிராக எதிர்ப்புச் சக்தியை எழுப்ப ஆராய்ச்சியில் இருக்கும் எல்டிஎக்ஸ்-315 என்ற பெப்டைடை, 9 அமினோ அமிலம்தான் என்றாலும், கட்டிக்குள் ஊசியாகவே போடுகிறார்கள். இமிக்விமோட் உள்ளே போய் நம் எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பும். அவை இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கும். அப்புறம் கட்டியோடு மோதுவது நம் உடம்புதான்.

எங்களுக்குச் சொன்ன முறை: வாரம் 5 இரவு, 6 வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை என்று வைத்துக்கொண்டோம். இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். அப்பாவின் திட்டு அளவுக்கு 5 மி.மீ. துளி போதும், அதாவது ஒரு மிளகு. திட்டோடு சுற்றிலும் 1 செ.மீ. சேர்த்து, வெள்ளை மறையும்வரை தேய்க்க வேண்டும். முதல் வாரம் நான் சந்தனம் பூசுவதுபோல அப்பிவிட்டேன். அதனால் சீக்கிரம் குணமாகாது, எரிச்சல்தான் கூடும். மேலே பிளாஸ்திரி ஒட்டக் கூடாது. 8 மணி நேரம் கழித்துக் கழுவிவிடலாம். ஏற்காட்டுக் குளிரில் காலை ஐந்தரைக்குப் பச்சைத் தண்ணீர் என்றால் அப்பா கத்துவார், வெதுவெதுப்பாக வைத்துக்கொடுத்தேன். தடவியவரும் கையைக் கழுவ வேண்டும்.

ஒரு பாக்கெட்டில் 250 மி.கி. இருக்கும். எங்களுக்கு ஓர் இரவுக்குச் செலவானது அதில் பத்தில் ஒரு பங்கு. மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். அம்மாவுக்கு அது ஆறவே இல்லை, மறுநாளைக்கு மடித்து வைத்ததை இரண்டு முறை பிடுங்கிப் போட்டேன். 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். மலையில் கவலையில்லை, கீழே சேலத்து வெயிலில் வண்டிப் பெட்டியில் போட்டுவிட்டு ஊர் சுற்றாதீர்கள்.

மூன்றாவது வாரம் திட்டு சிவந்து, தோல் உரிந்து, பொருக்குக் கட்டியது. நடுவில் நீர் கசிந்தது. "என்ன கண்ணு, புண்ணாக்கிட்டியே" என்றார் அப்பா. மருந்து வேலை செய்யும்போது இப்படி ஆவது சகஜம். பக்கத்து வீட்டு அத்தை அரிப்புக்கு வைத்திருந்த ஸ்டீராய்டு களிம்போடு வந்துவிட்டார். அது நாம் எழுப்பியதைத் திரும்பத் தூங்கவைக்கும், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். நாலாவது வாரம் அப்பாவுக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தன. போன் செய்ததும் நாலு நாள் நிறுத்தச் சொன்னார்கள். விட்டுப்போன நாளுக்காக இரட்டிப்பாகத் தடவவும் இல்லை, கடைசியில் நாளைக் கூட்டவும் இல்லை.

வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

முடித்ததும் ஓடிப்போய்க் காட்டிப் பயனில்லை. புண் ஆறட்டும் என்று, மருந்து முடிந்து 12 வாரம் கழித்துத்தான் கட்டி போயிற்றா என்று பார்க்கிறார்கள். அப்பாவுக்கு வெளிறிய தழும்பு மட்டும் மிச்சம். வருஷத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள்; மிளகுப் பறிப்பு முடிந்ததும் என்று தேதி வைத்திருக்கிறோம்.