சேலம் வீட்டுப் பழைய படங்களைப் பிரதி எடுப்பது

ஏற்காட்டு காபித் தோட்டத்துக் கூலி நாள், செவ்வாய்ப்பேட்டைத் தறிக்கூடம், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா எனப் பரணில் கிடக்கும் படங்களை முதலில் துடைக்கத்தான் கை போகும். ஈரத்துணி மட்டும் கூடாது. மேற்பரப்பிலுள்ள ஜெலட்டின் ஊறினால் உருவமே உரிந்து வரும். மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தூசியைத் தள்ளினால் போதும்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே வேண்டாம். கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். பசை ஆல்பத்தில் இருந்தால், பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, ரம்பம்போல மெல்ல இழுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது தபால் அட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), தீப்பெட்டி அளவுக்கு 1200. டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் (JPEG) கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் நுணுக்கம் குறையும். பின்பக்கத்தையும் எடுங்கள்: ஸ்டூடியோ முத்திரை பெரும்பாலும் அங்கேதான்.

ஆண்டு தெரியாவிட்டால் பின்னணியைப் பாருங்கள். கட்டி முடிந்த மேட்டூர் அணை தெரிந்தால் 1934-க்குப் பிந்தையது. பலகையில் ‘தமிழ்நாடு அரசு’ என்றிருந்தால் 1969-க்குப் பின். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பின். உடையை வைத்துக் கணிப்பது நம்பகமில்லை. கல்யாணப் பட்டு தலைமுறை தாண்டும்.

பெயர்களைப் பின்புறம் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தழும்பாய்த் தெரியும். ஏற்காட்டு ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும் என்பதால், மலைமேல் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.