பிக்கப்பின் மூக்கைத் தூக்கும் முன் டயரை முடிவு பண்ணுங்கள்

அமெரிக்காவில் பிக்கப் வாங்கிய கையோடு பலரும் தேடுவது லெவலிங் கிட், அதாவது முன்பக்கத்தைத் தூக்கி வண்டியைச் சமமாக்கும் பாகங்கள். புது வண்டி பின்பக்கம் தூக்கலாகவும் மூக்கு தாழ்ந்தும் நிற்பது கண்ணை உறுத்தும், உண்மைதான். ஆனால் அது குறை இல்லை. பின்னால் லோடு ஏற்றினாலோ டிரெய்லர் மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கி வண்டி சமமாக வரட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். வாரக் கடைசியில் படகு இழுக்கிறவர் முன்பக்கத்தை முழுசாகத் தூக்கிவிட்டால் லோடோடு போகும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இழுவை வேலை இருந்தால் ஓர் அங்குலச் சாய்வையாவது விட்டுவையுங்கள்.

சரி, கிட் வாங்கும் முன் டயர். ஃபோர்டு எஃப்-150 பிக்கப் நிறைய 275/65ஆர்18 டயரோடு வருகிறது. 275 மி.மீ. அகலம், அதில் 65 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 18 அங்குல ரிம். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவரையும் ரிம்மோடு கூட்டினால் விட்டம் 32 அங்குலம். 275/70ஆர்18 போட்டால் 33 வரும், அகலம் கூடாது, அதனால் உரசுவதும் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான எண்ணம். 35x12.50 (35 அங்குல விட்டம், 12.5 அங்குல அகலம்) என்றால் அகலமும் கிட்டத்தட்ட 40 மி.மீ. கூடுகிறது, அதற்கு ஃபெண்டர் உள்புற பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டிவரும், முடுக்கமும் மைலேஜும் நன்றாகவே அடிவாங்கும். ஒரு அங்குலம் பெரிய டயர் வண்டியை அரை அங்குலம்தான் தூக்கும், அதுவும் முன்னும் பின்னும் ஒரே அளவு, ஆகவே சாய்வு அப்படியே இருக்கும்.

எல்டி (லைட் டிரக்) ரகத்தில் லோடு ரேஞ்ச் இ, அதாவது கூடுதல் எடை தாங்கும் டயர், கனமானது. கல்லும் கரடுமான பாதை, கனமான லோடு என்றால் வாங்குங்கள், ஆபீஸ் போய்வர மட்டும் வேண்டாம். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள காற்று அளவு பழைய டயருக்கானது. அதே எடையைத் தாங்க எல்டி டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும்.

ரிம்மும் மாற்றுகிறீர்கள் என்றால் ஆஃப்செட் பாருங்கள், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. அது குறையக் குறைய சக்கரம் வெளியே துருத்தும், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது பம்பர் மூலையில் இடிக்கும். கிட் போட்டால் உரசல் மொத்தமும் போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள்: கிட்டில் வரும் ஸ்பேசர் (உயரத்துக்காக இடையில் வைக்கும் தடித்த துண்டு) வண்டியை உயர்த்தி நிறுத்துகிறது, ஆனாலும் பெரிய பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயர் மேலே ஏறி உரசலாம்.

அப்புறம்தான் கிட். சமதளத்தில் நிறுத்தி, தரையிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து, அந்த வித்தியாசத்துக்குள்ளேயே தூக்குங்கள். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முன்பக்கத் தூண்) தலையில் வைக்கும் ஸ்பேசர் மலிவு, ஓட்டமும் பெரிதாக மாறாது. ஆனால் ஒரு அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் அதைவிட அதிகமாகத் தூக்கும், ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் உயரத்தை நம்புங்கள், ஸ்பேசரின் தடிமனை அல்ல. இரண்டரை அங்குலத்தைத் தாண்டினால் மேல் கன்ட்ரோல் ஆர்ம், பால் ஜாயின்ட், ஃபோர் வீல் டிரைவில் முன்சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஆக்சில் எல்லாம் தப்பான கோணத்தில் வேலை செய்து சீக்கிரம் தேயும். காசு இருந்தால் பில்ஸ்டீன் 5100 மாதிரி உயரம் மாற்றக்கூடிய ஸ்ட்ரட்டே போடுங்கள், நல்ல ஷாக் அப்சார்பரும் சேர்ந்து கிடைக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டிய வேலை எதையும் வீட்டில் செய்யாதீர்கள். நழுவினால் உயிருக்கே ஆபத்து.

மாட்டிய அன்றே அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது), இல்லையென்றால் புது டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். ஹெட்லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். 32-லிருந்து 33-க்குப் போனால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 62 மைல் வேகம், ஃபோர்டில் ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் கொண்டு இதைத் திருத்தலாம். 50, 100 மைல் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்கும் ஸ்பானர்) மறுபடி சோதியுங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. ஃபோர் வீல் டிரைவில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக ஓடினால் டிஃபரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கேடு, அதனால் நான்கு இல்லை, ஐந்து டயராக வாங்குங்கள். அடியில் தொங்கும் இடத்தில் 33 ஏறுகிறதா என்று டயர் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.