சிறிய கல்லூரியில் மாணவர் ஆலோசனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்களுக்கு எல்லாப் பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்" என்பது சிறிய கல்லூரிகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. உண்மைதான், அது பெரிய பலமும்கூட. ஆனால் அப்படிப் பெயர் தெரிந்த மாணவர் மூன்றாம் செமஸ்டரில் சத்தமில்லாமல் படிப்பை விட்டுப் போவதும் அதே கல்லூரியில்தான் நடக்கிறது. முகம் தெரிவது வேறு. அவர் எத்தனை கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் மதிப்பு அலகு) பின்தங்கியிருக்கிறார், எந்தத் தேதிக்குள் என்ன செய்தால் மீளலாம் என்று தெரிவது வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று நம்பிவிடுவதால்தான் கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை நேர்கின்றன.

பதிவு வாரத்தோடு முடித்துக்கொள்வது

அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதியும் வாரத்தில் ஆலோசகர் அறைக்கு வெளியே வரிசை நிற்கும். ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒரு கையெழுத்து, "அடுத்து வாங்க". அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் வருகின்றனவா என்பதைத் தாண்டி எதையும் பார்க்க முடியாது. அதைக் கணினியே பார்த்துவிடும்.

15 வார செமஸ்டருக்கு நான்கு சந்திப்புகள் வைப்பது நல்லது. 2ஆம் வாரத்தில் முதலாவது: பாடச்சுமை தாங்குமா, புத்தகம் கிடைத்ததா, கட்டணத்தில் சிக்கல் உண்டா என்று பார்க்க. பாடத்தை மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இது நடந்தால்தான் பயன். 5 அல்லது 6ஆம் வாரத்தில், முதல் தேர்வுத்தாள் திருத்தி வந்ததும், இரண்டாவது. பாடத்திலிருந்து விலகிக்கொள்ளும் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு மூன்றாவது. இது எல்லோருக்கும் வேண்டாம், தடுமாறுகிறவர்களுக்குப் போதும். கடைசியாகத்தான் பதிவு. மற்ற மூன்றும் நடந்திருந்தால் இது உண்மையிலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மாணவர் உள்ளே வருவதற்கு முன்பே மேசையில் மூன்று தாள்கள் இருக்க வேண்டும்: இதுவரையிலான மதிப்பெண் பட்டியல், பட்டத்துக்கு இன்னும் முடிக்க வேண்டியவை, அடுத்த நான்கு செமஸ்டர்களில் துறை உண்மையில் நடத்தப்போகும் பாடங்கள். மூன்றாவது தாள் பல கல்லூரிகளில் எழுத்தில் இருப்பதே இல்லை. துறைத்தலைவரின் நினைவில்தான் இருக்கிறது.

கையேட்டை நம்பித் திட்டம் போடுவது

கையேட்டில் 60 பாடங்கள் அச்சாகியிருக்கலாம். ஆறு ஆசிரியர்கள் உள்ள துறை ஒரு செமஸ்டரில் அதில் கால்வாசியை நடத்தினாலே பெரிது. பல பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். சில ஒன்றுவிட்ட ஆண்டில் வரும். பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில் தோற்றவர் பெரும்பாலும் அடுத்த செமஸ்டரிலேயே அதை மறுபடி எடுத்துவிடலாம். இங்கே ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர முடியும் என்ற வகையில் நான்கு பாடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதும் மூன்றாவதும் ஒற்றைப்படை செமஸ்டரில், மற்ற இரண்டும் இரட்டைப்படையில். ஒழுங்காகப் போனால் 4ஆம் செமஸ்டரில் நான்கும் முடியும். முதல் பாடத்தில் தோற்றால் அது மறுபடி வருவது 3ஆம் செமஸ்டரில். எனவே நான்கும் முடிய 6ஆம் செமஸ்டர் ஆகும். நான்காவது பாடம் ஒன்றுவிட்ட ஆண்டில் மட்டும் நடப்பதாக இருந்தால் 8ஆம் செமஸ்டர். மூன்றாண்டுப் படிப்பில் இதற்குப் பிறகு பட்டம் நேரத்துக்குக் கிடைக்காது. நான்காண்டுப் படிப்பிலோ கடைசி செமஸ்டரில் இன்னொரு முறை தவற இடமே இல்லை. இத்தனையும் ஒரே ஒரு தோல்வியால்.

ஆகவே முதல் செமஸ்டரிலேயே பட்டம் வரைக்குமான திட்டத்தை ஒரே தாளில் எழுதிவிட வேண்டும். பென்சிலில் எழுதினால் போதும், மாறத்தான் போகிறது. தொடர்ச்சியாக வரும் பாடங்களை முதலில் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, விருப்பப் பாடங்களால் மிச்சத்தை நிரப்புவதே முறை. மாணவர்கள் இயல்பாகவே இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: பிடித்ததையும் நேரம் வசதியானதையும் முதலில் எடுத்துக்கொண்டு, கடினமானதைத் தள்ளிப்போடுவார்கள்.

கிரெடிட் கணக்கும் இந்தத் தாளிலேயே வர வேண்டும். பட்டத்துக்கு 120 கிரெடிட், எட்டு செமஸ்டர் என்றால் சராசரி 15. குறைந்தது 12 எடுத்தால் முழுநேர மாணவர் என்று விதி இருந்தால், 12ஏ போதும் என்று மாணவர் எடுத்துக்கொள்வார். எட்டு செமஸ்டரில் அது 96தான். மிச்சம் 24 என்பது இன்னும் ஓராண்டு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் கடைசி ஆண்டில்தான் பலருக்குத் தெரியவருகிறது. அதற்காக முதல் செமஸ்டரிலேயே கணக்கும் இரண்டு ஆய்வகப் பாடங்களும் சேர்த்துத் திணிப்பதும் தவறு. புதிய இடத்தில் கால் ஊன்றவே அவருக்குச் சில வாரங்கள் வேண்டும்.

போதிய ஆட்கள் சேராமல் பாடம் ரத்தாகும்போது இன்னொரு தவறு நடக்கும். "பரவாயில்ல, இதை எடுங்க, அதுக்குப் பதிலா வச்சுக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுகிறார்கள். சொன்னவர் மாறிப் போயிருப்பார். பட்டம் வழங்குமுன் நடக்கும் சரிபார்ப்பில் அந்தப் பாடம் கணக்கில் வராது. பாட எண், மாற்றுப் பாட எண், ஒப்புதல் தந்தவர், தேதி நான்கையும் அன்றைக்கே எழுத்தில் வாங்கிப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மாணவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

தேர்வு முடிவு வரும்வரை காத்திருப்பது

தாமதம் எவ்வளவு விலை கேட்கும் என்பதை ஒரு கணக்கே காட்டிவிடும். 10 புள்ளி அளவில் ஒரு மாணவரின் சராசரி 5.2, அவருக்குத் தேவை 6.0, அடுத்த செமஸ்டரில் 20 கிரெடிட் எடுக்கிறார். இதுவரை முடித்தது 30 கிரெடிட் என்றால், அந்த 20 கிரெடிட்டில் அவர் 7.2 சராசரி எடுத்தால் மீண்டுவிடலாம். 60 கிரெடிட் முடிந்தபின் கவனித்தால் 8.4 வேண்டும். 90 முடிந்தபின் 9.6. 120 முடிந்தபின் 10.8, அதாவது ஒரே செமஸ்டரில் மீள வழியே கிடையாது. மாணவர் அதே மாணவர், சராசரியும் அதேதான். நாம் எப்போது கவனித்தோம் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. இந்தக் கணக்கை மாணவரோடு உட்கார்ந்து அவர் கையாலேயே போடவைப்பது, "இன்னும் நல்லாப் படிக்கணும்" என்ற அறிவுரையைவிடப் பல மடங்கு வேலை செய்யும்.

மதிப்பெண்ணுக்கு முன்பே அறிகுறிகள் தெரியும்: தொடர்ந்து மூன்று வகுப்புகளுக்கு வராதது, முதல் ஒப்படைப்பைத் தராதது, கட்டணப் பாக்கி, எப்போதும் முன்வரிசையில் இருந்தவர் கடைசிக்குப் போவது. சிறிய கல்லூரியில் இவற்றை முதலில் பார்ப்பவர்கள் விடுதிக் காப்பாளரும் ஆய்வக உதவியாளரும் நூலகரும்தான். பார்த்ததை யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது; சொன்னாலும் அது ஆசிரியர் அறைப் பேச்சோடு கரைந்துவிடும். தகவல் போய்ச் சேர ஒரே ஒரு ஆள் அல்லது ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும். வந்த தகவலுக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஒருவர் மாணவரைத் தொடர்புகொள்ள வேண்டும். "என்ன ஆயிற்று" என்று தகவல் தந்தவருக்கு ஒரு வரி பதில் போக வேண்டும். அது போகாவிட்டால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார்.

மாணவர் வரட்டும் என்று காத்திராமல் ஆலோசகரே தேடிப் போக வேண்டும் என்ற முறையை அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் கிளென்னன் 1975இல் முன்வைத்தார். உதவி மிகவும் தேவைப்படுகிறவர்தான் கடைசியாகக் கதவைத் தட்டுவார் என்பதால் அது இன்றும் பொருந்துகிறது.

தப்பான கேள்வி கேட்பது

"எப்படிப் போகுது?" என்றால் "நல்லாப் போகுது சார்" என்றுதான் வரும். "ஏன் வரல?" என்றால் ஒரு சாக்கு வரும், அதோடு பயமும் வரும். பதில் சொல்லக்கூடிய அளவுக்குச் சிறியதாகக் கேளுங்கள்: போன வாரம் எந்த வகுப்புக்குப் போக முடியல? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலைக்குப் போறீங்க? எந்தப் பாடப் புத்தகத்தைத் திறக்கவே மனசு வரல? கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்க வேண்டும். பெரும்பாலான ஆலோசகர்கள் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தாங்களே தீர்வைச் சொல்லிவிடுகிறார்கள்.

அழைப்பதற்கு அனுப்பும் செய்தியும் முக்கியம். "உடனே வந்து பார்க்கவும்" என்ற ஒற்றை வரி தண்டனைபோலத் தெரியும். எதற்காக, எவ்வளவு நேரம், எப்போது என்று சொல்லுங்கள்: "வேதியியல் முதல் தேர்வு பற்றிப் பேசலாம், 20 நிமிடம் போதும், புதன் 3 மணி அல்லது வியாழன் 11 மணி, எது வசதி?"

"அங்கே போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிடுவது

உதவித்தொகைப் பிரிவு, உளநல ஆலோசகர், எழுத்துப் பயிற்சி மையம் என்று மூன்று இடங்களைச் சொல்லி அனுப்பினால், மாணவர் பெரும்பாலும் ஒன்றுக்கும் போகமாட்டார். அவர் முன்னிலையிலேயே தொலைபேசியில் பேசி, நேரம் குறித்து, முடிந்தால் கூடவே நடந்து போய் அறிமுகப்படுத்துங்கள். ஒரு வாரம் கழித்துப் போனாரா என்று கேளுங்கள்.

பாடத்திலிருந்து விலகும் படிவத்தில் கையெழுத்திடுமுன் உதவித்தொகைப் பிரிவைக் கேட்டே ஆக வேண்டும். ஒரு பாடம் குறைவதால் முழுநேர மாணவர் என்ற நிலையும், அதோடு உதவித்தொகையோ விடுதி இடமோ போய்விடக்கூடும். சராசரியைக் காப்பாற்ற எடுத்த முடிவு படிப்பையே நிறுத்திவிடும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பேச்சில் தென்பட்டால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவரைத் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குத் தராதீர்கள். பயிற்சி பெற்றவர் வரும்வரை கூடவே இருங்கள். ஆலோசகரே உளவியல் சிகிச்சை தர முயல்வது, எவ்வளவு அன்போடு செய்தாலும், ஆபத்தானது.

எல்லோருக்கும் தெரிந்துவிடுவது

மாணவர் நம்பிச் சொன்னது மதிய உணவுக்குள் துறை முழுக்கப் பரவிவிட்டால், அவரோடு அவருடைய நண்பர்களும் இனி வாயைத் திறக்கமாட்டார்கள். குறிப்பேட்டில் தேதி, பேசிய பொருள், யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்பவை போதும். ஊகங்கள் வேண்டாம். மாணவர் படித்தால் சங்கடப்படாத வகையில் எழுதுங்கள். பெற்றோர் அழைத்தால் மாணவரின் ஒப்புதல் பற்றி அந்த இடத்தின் விதி என்ன சொல்கிறது என்று பார்த்தபின் பேசுங்கள்.

இன்னொரு நெருடல்: சிறிய கல்லூரியில் ஆலோசகரே மாணவரின் தாளையும் திருத்துகிறார். அந்தப் பாடத்திலேயே சிக்கல் என்றால் மாணவர் எப்படிச் சொல்வார்? இரண்டாவதாக ஒருவரை அணுகலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

நல்ல ஆசிரியர் ஒருவர் தலையில் கட்டுவது

அன்பாகப் பேசுகிறவரிடம் எல்லோரும் போவார்கள். எண்ணிக்கையை யாரும் பார்ப்பதில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் இரண்டாண்டுப் பட்டப் படிப்பு மாணவர்களுக்காக 2007இல் தொடங்கிய ஏ.எஸ்.ஏ.பி. என்ற உதவித் திட்டத்தில், அதை ஆய்வு செய்த காலத்தில், ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்களே இருந்தார்கள். அந்த ஆய்வில் மூன்றாண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்துக்குள் சுமார் 40 விழுக்காடு, வெளியே சுமார் 22 விழுக்காடு. கட்டணம், புத்தகம், பயணச்செலவு உதவியும் அதில் சேர்ந்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பும் எடுக்கும் ஆசிரியரால் அந்த அளவு மாணவர்களைக்கூடச் சமாளிக்க முடியாது; 20 முதல் 25 பேர் என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ப அவருடைய வகுப்பு நேரத்தைக் குறைத்துத் தருவது நியாயம்.

அவர் விடுப்பில் போகும்போதோ வேலை மாறும்போதோ ஒவ்வொரு மாணவருக்கும் அரைப்பக்கக் குறிப்பு அடுத்தவர் கைக்குப் போக வேண்டும்: இப்போதைய திட்டத் தாள், எழுத்தில் தந்த மாற்று ஒப்புதல்கள், பாதியில் நிற்கும் வேலைகள், அடுத்த கெடு. கடைசி வரியில், யார் முன்னிலையில் அந்த மாணவர் மனம் திறந்து பேசுவார் என்பதையும் எழுதிவைக்கலாம், மாணவருக்குச் சம்மதம் என்றால்.