குழந்தை வளர்ச்சி பற்றி நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பயிற்சியின் கடைசி நாளில் வைக்கிற தேர்வில் எல்லோரும் நல்ல மதிப்பெண் எடுத்துவிடுவார்கள். எத்தனை மாதத்தில் தலை நிற்கும், எப்போது குப்புற விழும், எப்போது முதல் வார்த்தை வரும், எல்லாவற்றுக்கும் சரியான விடை. அடுத்த வாரம் அதே நர்ஸ் தடுப்பூசி அறையில் ஒரு தாயைப் பார்க்கும்போது, "குழந்தையோட நிறையப் பேசுங்கம்மா, விளையாடுங்க, போனைக் காட்டாதீங்க, சரியா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார். தாய் தலையாட்டிவிட்டுப் போகிறார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் நான் நடத்திய பயிற்சிகளுக்கு வந்தவர்களும் இதையேதான் செய்தார்கள்.

இதில் நர்ஸைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நாம் கொடுத்தது தகவல், அவருக்குத் தேவைப்பட்டது கைப்பழக்கம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் மற்ற சில அமைப்புகளோடு சேர்ந்து 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, சின்னக் குழந்தைக்கு வேண்டியதை ஐந்தாகப் பிரிக்கிறது: நல்ல ஆரோக்கியம், போதுமான ஊட்டச்சத்து, பாதுகாப்பு, ஆரம்பத்திலிருந்தே கற்றுக்கொள்ள வாய்ப்பு, அப்புறம் குழந்தையின் குறிப்பறிந்து நடந்துகொள்ளும் பராமரிப்பு. முதல் இரண்டும் மருத்துவத் துறைக்குப் பழகிய வேலை. கடைசி இரண்டுக்கும் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒரு அம்மாவும் குழந்தையும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவனிக்கத் தெரிய வேண்டும், கவனித்ததை அவர் மனம் நோகாமல் சொல்லவும் தெரிய வேண்டும்.

குழந்தையே இல்லாத பயிற்சி அறை

என்னைக் கேட்டால் மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது. மூன்று நாள் பயிற்சி, நூறு ஸ்லைடு, அதில் முதல் நாள் காலை முழுக்க மூளை நரம்புகளின் படம், ஆனால் மூன்று நாளும் ஒரு குழந்தைகூட அந்த அறைக்குள் வருவதில்லை. பொம்மையை மடியில் வைத்து நடித்துப் பார்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். பொம்மை அழாது, தூங்காது, கையில் கொடுத்ததை வீசி எறியாது, பசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதுதானே கற்க வேண்டிய விஷயம்? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2012-ல் கொண்டுவந்த குழந்தை வளர்ச்சிப் பயிற்சித் தொகுப்பில், உண்மையான தாய்மார்களோடும் குழந்தைகளோடும் மருத்துவமனையிலேயே பழகிப் பார்க்கும் நேரம் ஒரு முக்கியப் பகுதி. ஆனால் நேரம் போதவில்லை என்றதும் பலரும் முதலில் வெட்டுவது அதைத்தான். தயவுசெய்து ஸ்லைடுகளை வெட்டுங்கள்.

மூளையைப் பற்றிச் சொல்லவே கூடாதா என்று கேட்கலாம். சொல்லலாம், ஆனால் உணர வைப்பது மேல். 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரிக்கிறது, கையை நீட்டுகிறது, தாயை இழுக்க எல்லா வழியிலும் முயல்கிறது, ஒன்றும் நடக்காதபோது கலங்கிப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பயிற்சியில் இதைப் பெரியவர்களை வைத்தே செய்து பார்க்கலாம்: இருவர் இருவராக உட்காரட்டும், ஒருவர் தன் மனதுக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லட்டும், மற்றவர் ஒரு நிமிடம் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று புரிந்தவருக்கு, குழந்தைக்கு முகம் கொடுத்துப் பேசுவது ஏன் முக்கியம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பொம்மையை நர்ஸே வாங்கி விளையாடுவது

நல்ல மனதோடு செய்யும் தவறு என்பதால் கண்ணில் படாமல் போகிறது. நர்ஸ் கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டுகிறார், குழந்தை சிரிக்கிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மா ஓரமாக நின்று பார்க்கிறார். அவர் மனதில் என்ன ஓடும்? 'இவங்ககிட்ட எப்படிச் சிரிக்குது பார், எனக்கு இதெல்லாம் வராது.' வீட்டுக்குப் போய்க் குழந்தையோடு இருக்கப்போவது அவர்தான். அதனால் பொருள் தாயின் கையில் இருக்க வேண்டும், குழந்தையின் சிரிப்பு தாய்க்குக் கிடைக்க வேண்டும். நர்ஸ் செய்ய வேண்டியது, "நீங்க அந்தக் கிண்ணத்தைத் தட்டினதும் உங்க முகத்தைத்தான் பார்த்தான், கவனிச்சீங்களா?" என்று, நடந்த ஒன்றை, குறிப்பாக, அப்போதே சொல்வது. "நல்லா பார்த்துக்கிறீங்கம்மா" என்ற பொதுப் பாராட்டால் அந்த அளவு பயன் இல்லை, ஏனென்றால் எதைத் திரும்பச் செய்வது என்று அதிலிருந்து தாய்க்குத் தெரியாது.

இதோடு ஒட்டிய இன்னொன்று, கேட்பதற்கு முன்பே அறிவுரை. "எப்படி விளையாடுவீங்க இவளோட?", "எப்படிப் பேசுவீங்க?", "சிரிக்க வைக்க என்ன செய்வீங்க?" என்ற மூன்று கேள்விகளே போதும். "குழந்தையோட விளையாடுறீங்களா?" என்று கேட்டால் எந்தத் தாயும் ஆமாம் என்றுதான் சொல்வார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'எப்படி' என்று கேட்டால்தான், குளிப்பாட்டும்போது பாடுவது, துணி மடிக்கும்போது பேசுவது, அப்பா வந்ததும் தூக்கிச் சுற்றுவது எல்லாம் வெளியே வரும். ஏற்கெனவே செய்கிற அதன் மேல் ஒன்றைச் சேர்ப்பது சுலபம். ஒரு சந்திப்பில் ஒரே ஒரு புதிய விஷயம், அதையும் தாய் அங்கேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் போகட்டும். வாங்கி வர வேண்டிய பொம்மைகளின் பட்டியல் வேண்டவே வேண்டாம், மூடியும் டப்பாவும் துணியும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

மைல்கற்களைப் பரீட்சையாக்குவது

ஒரு வயதில் நடக்க வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொண்டு போனவர், பதினான்கு மாதத்தில் நடக்காத குழந்தையின் தாயை அழ வைத்து அனுப்புவார். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட அளவுகளில், தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிகிறது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்ட குழந்தைகளும் அதில் சுமார் 4 சதவீதம் உண்டு. பயிற்சியில் ஒற்றை எண்ணைக் கொடுக்காமல் இந்த விரிவைக் கொடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிட ஆபத்தானது. "பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, பொறுங்க" என்று ஆறுதல் சொல்லி அனுப்பி, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரியவரும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் மைல்கல் பட்டியலைத் திருத்தியபோது, அந்த வயதில் 75 சதவீதம் அல்லது அதற்கும் மேற்பட்ட குழந்தைகள் செய்யக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம், இந்தப் 'பொறுத்துப் பார்ப்போம்' பழக்கத்தைக் குறைக்கத்தான். இரண்டு விஷயங்களில் பொறுக்கவே கூடாது என்று ஒவ்வொரு பயிற்சியிலும் அழுத்திச் சொல்கிறேன்: வந்த திறமை திரும்பப் போவது, அதாவது பேசிய குழந்தை பேச்சை நிறுத்துவது, உட்கார்ந்த குழந்தையால் உட்கார முடியாமல் போவது, அப்புறம், "என் குழந்தைகிட்ட ஏதோ சரியில்ல" என்று பெற்றவர் தானாக வந்து சொல்வது.

குறைமாதக் குழந்தையின் வயதைத் திருத்தாமல் கணக்கிடுவதும் அடிக்கடி நடக்கிறது. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று ஆறு மாதம் என்றால், வளர்ச்சியைப் பார்க்கும்போது ஏறக்குறைய நான்கு மாதக் குழந்தையாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தத் திருத்தம் வழக்கம்.

இன்னொன்று, ஸ்கிரீனிங் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு, சந்தேகம் வந்தால் குழந்தையை எங்கே அனுப்புவது என்று சொல்லாமல் விடுவது. செவித்திறன் பரிசோதனை எங்கே நடக்கிறது, பிசியோதெரபிஸ்ட் எந்த நாளில் வருவார், காத்திருக்கும் காலத்தில் வீட்டில் என்ன செய்யலாம், இதெல்லாம் ஒரு தாளில் எழுதி நர்ஸின் மேசையில் இருக்க வேண்டும். அனுப்பிவிட்டோம், இனி நம் வேலை இல்லை என்றும் நினைக்கக் கூடாது. குறைபாடுள்ள குழந்தைக்கும் கொஞ்சலும் விளையாட்டும் பேச்சும் வேண்டும், அந்தக் குடும்பத்துக்கு அதை எப்படி என்று காட்ட ஆளும் வேண்டும்.

தாயை மறப்பது

மனச்சோர்வில் இருக்கும் பெண்ணிடம் "குழந்தையோட சிரிச்சுப் பேசுங்க" என்பது அவர் சுமையில் இன்னொரு கல்லை ஏற்றுவது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் இருப்பதே நான்கு பரிந்துரைகள், அதில் ஒன்று தாயின் மனநலத்தைக் குழந்தை வளர்ச்சிச் சேவைகளோடு சேர்த்துக் கவனிப்பது. ஆனாலும் பயிற்சிகளில் இது கடைசி நாள் கடைசி அரைமணியில், பாதிப் பேர் பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிறது. முதல் நாளிலேயே வையுங்கள். பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படும் எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள்தான். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது, மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்த விடையைத் தனியாகப் பார்க்க வேண்டும், எண்ணம் இருப்பதாகச் சொன்னால் அன்றே உதவி கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பாகிஸ்தானில் கிராமப் பெண் சுகாதாரப் பணியாளர்கள், மனநல நிபுணர்கள் அல்லாதவர்கள், வீட்டுக்குப் போய்ப் பேசும் முறையைக் கற்றுக்கொண்டு தாய்மார்களின் மனச்சோர்வை வெகுவாகக் குறைத்ததை 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, இது நம்மால் ஆகாத வேலை இல்லை.

ஒருமுறை நடத்திவிட்டு விட்டுவிடுவது

ஜமைக்கா ஆய்வை எல்லாப் பயிற்சியிலும் மேற்கோள் காட்டுவார்கள். 1986-87-ல் கிங்ஸ்டனில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீடுகளுக்கு மட்டும் சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போய், தாயோடும் குழந்தையோடும் விளையாட்டு வழியாக வேலை செய்தார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. இந்த 25 எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம், தொடர்ந்து இரண்டு வருடம் என்பது ஏனோ நினைவில் நிற்பதில்லை. மூன்று நாள் பயிற்சி, அப்புறம் கேட்பார் இல்லை என்று விட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது பணியாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நேரமில்லை என்று நர்ஸ்கள் சொல்வதை சாக்கு என்று தள்ளாதீர்கள். வாசலில் அறுபது பேர் நிற்கும்போது பதினைந்து நிமிட ஆலோசனை நடக்காது. கரீபியன் தீவுகளில், ஜமைக்கா, ஆன்டிகுவா, செயின்ட் லூசியா மூன்றிலும், காத்திருப்பு நேரத்தையே பயன்படுத்தினார்கள்: தடுப்பூசிக்கு வரும் தாய்மார்களுக்குக் காத்திருக்கும் இடத்தில் குறும்படம், அதைப் பற்றி ஒரு பணியாளர் நடத்தும் கலந்துரையாடல், செய்து பார்க்கும் வாய்ப்பு, உள்ளே போனதும் நர்ஸ் ஓரிரு நிமிடம் அதையே நினைவூட்டி ஒரு அட்டை கொடுப்பார். குழந்தைகளின் அறிவுத்திறன் வளர்ச்சியில் பலன் தெரிந்தது. பயிற்சியின் கடைசி மதியம் அவரவர் இடத்தில் இது எந்த நேரத்தில், யார் கையில் நடக்கும் என்று எழுதி வாங்குங்கள். டாக்டர்களும் கூட உட்காரட்டும், அவர்களை முதல் மணி நேரத்தோடு அனுப்பிவிட்டால், பிறகு நர்ஸ் தாயோடு பேசிக்கொண்டிருக்கும்போது "என்ன அங்கே அரட்டை?" என்று கேட்பது அவர்களாகத்தான் இருக்கும்.

மேற்பார்வைக்குப் போகிறவர் ஆறு வாரத்துக்குள் ஒருமுறை போக வேண்டும். பதிவேட்டைப் புரட்டுவதற்காகப் போகக் கூடாது. ஒரு தாயோடு நடக்கும் பேச்சை முழுதாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதலில் நர்ஸையே கேட்கட்டும்: "இதுல எது நல்லா வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" அப்புறம் தான் கவனித்த ஒரு நல்ல விஷயம், அடுத்த முறைக்கு ஒரு மாற்றம்.