ஃபின்லாந்து போகிறவர்களுக்குச் சில உடல்நலக் குறிப்புகள்

குளிர்காலத்தில் வடக்கே லாப்லாந்து பக்கம் போனால் மைனஸ் 30 டிகிரிகூட வரலாம். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்பைக் குளிர்வித்துவிடும். மெல்லிய கம்பளி உள்ளாடை, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத கோட்டு. ஷூ சற்றுப் பெரிதாக இருக்கட்டும், இறுக்கினால் விரல்களுக்கு ரத்தம் போகாது. மூக்கு நுனியோ விரலோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள். உடனே உள்ளே வந்து வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கோடையில் போகிறவர்கள் குளிர் இல்லை என்று அசட்டையாக இருக்கக் கூடாது. புல்வெளியிலும் காட்டோரத்திலும் உண்ணிகள் உண்டு, லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பக்கூடியவை. நடந்து வந்ததும் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு மடிப்புகளைப் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவாமல், சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பிறகு அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தென்மேற்கே கடலில் இருக்கும் ஓலாந்து தீவுகளுக்குப் போவதாக இருந்தால், உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி பற்றி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். அப்புறம் மாத்திரைகள்: ஆன்டிபயாடிக் எல்லாம் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. வழக்கமான மருந்துகளை அட்டைப்பெட்டியோடு, ஆங்கில மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். ஃபின்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த அவசரத்துக்கும் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.